சோளகத்துக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை

2024 மார்ச் 23, சனி. முல்லைத்தீவு நகரக் கரை

இலங்கையின் வட மாகாணத்தில் ஐந்து மாவட்டங்களில் கடல் இல்லாதது வவுனியா மட்டும்தான். நான் இருப்பது அங்கே. குளங்களுக்குக் குறைவில்லை. கடல் வேண்டுமென்றால் மேற்கே மன்னாருக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கிழக்கே முல்லைத்தீவுக்கு. அக்காவுக்கு இடமாற்றம் கிடைத்துச் சிலாவத்தையில் வாடகை வீடு எடுத்ததால் எனக்கு வாய்த்தது முல்லைத்தீவு.

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பினால் கடற்கரை வரை ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வழி முழுக்கக் காடும் வயலும்தான். முள்ளியவளை தாண்டும்வரை கடல் இருக்கிற ஊருக்குப் போகிறோம் என்ற எண்ணமே வராது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா மடியில் ஒரு பேட்டுக்கோழி வைத்திருந்தார். ஒட்டுசுட்டானில் பஸ் பிறேக் பிடித்தபோது அது என் தோளில் ஏறி நின்றுகொண்டது. "ஒண்டும் செய்யாது பிள்ளை, நல்ல குணம்" என்றார். இறங்கும்வரை அது அங்கேதான் இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து கரைக்கு நடந்தே போகலாம். வீதி முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. வாசல், ரிக்கற், காவலாளி எதுவும் இல்லை. தெற்கே கொக்கிளாய் தொடங்கி வடக்கே சாலை வரைக்கும், நாயாறு, நந்திக்கடல் களப்புகள் கடலோடு சேரும் வாய்களை விட்டால், கரை முழுக்க மணல்தான். இடையிடையே படைமுகாம்களின் வேலி வரும். மற்றபடி எங்கே இறங்கினாலும் எங்கே நடந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. கொழும்பில் வேலை செய்த காலத்தில் கடல் பார்க்கும் கதிரைக்கும் காசு கொடுத்துப் பழகியவள் நான். இது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

ஆனால் நிழல் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து இறங்குபவர் யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் அறிவார். கரையில் ஏற்றி வைத்த பைபர் வள்ளங்களின் ஓரமாக ஒரு முழம் நிழல் விழுந்திருந்தது. அதில் ஒதுங்கினோம். அப்பால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "இருங்கோ பிள்ளை, அது ஆற்றையும் தடை இல்லை. வலையிலை மட்டும் செருப்போடை மிதிக்காதையுங்கோ." அக்காவின் மகன் (எனக்குப் பெறாமகன், வீட்டில் சின்னவன்) செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான், மணல் சுட்டது, திரும்பப் போட்டான், வலையைச் சுற்றிக்கொண்டு தூரமாக ஓடினான்.

மலசலகூடம் இல்லை என்பது அடுத்தது. ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இந்த வரி வராது, அதனால் நான் எழுதுகிறேன். வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு மெல்லக் கேட்டபோது கடைக்கார அக்கா தன் வீட்டுப் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு காசு நீட்டினேன். "தேத்தண்ணி குடிச்சனீங்கள்தானே, காணும்" என்றார். பிளேன்ரீ ஐம்பது ரூபா, உழுந்து வடை அறுபது. வடை நன்றாகவே இருந்தது, பெருஞ்சீரகம் கொஞ்சம் கூடப் போட்டிருந்தார்கள்.

வெயில் தணிந்த பிறகு ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கச்சான் சுருள் நூறு ரூபா. இளைஞர்கள் மணலில் கோடு கீறி கரப்பந்து விளையாடினார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் முழங்காலளவுக்கு மேல் இறங்கவில்லை. வெளியூர்க்காரரை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், இடுப்பு வரை இறங்கி நின்று படம் எடுப்பவர்கள்தான்.

1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கோட்டை இந்த ஊரில்தான் இருந்தது என்று அக்கா ரீச்சர் குரலில் தொடங்கினாள். சின்னவன் கோட்டை எங்கே என்று கேட்டான். காட்ட ஒன்றுமில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் அவனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நட்டது ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில். வென்ற இடத்தில் கோட்டையில்லை, தோற்ற இடத்தில் கல்வெட்டு.

2024 மார்ச் 24, ஞாயிறு. கள்ளப்பாடு

விடிய முன்னரே அத்தான் எழுப்பிவிட்டார். கரைவலை பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏற முன்னர் போகவேண்டுமாம்.

நாங்கள் போனபோது வள்ளம் வலையை விட்டுக்கொண்டு வளைந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்கும் ஆட்களிடம் இருக்கும். வள்ளம் கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு, மற்ற நுனியைத் தள்ளி இன்னோரிடத்தில் கரைசேர்க்கும். அதன்பிறகு இரண்டு குழுவும் இழுக்கத் தொடங்கும். இழுக்க இழுக்க இரண்டு குழுவும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி வரும். மீன் எல்லாம் அந்த மடிக்குள்தான். இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பார்த்துக்கொண்டு நிற்பவருக்கே கை வலித்தது.

கரையின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பாடு. இன்ன பாட்டில் இன்ன சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) வலை வளைக்கலாம் என்று இருக்கிறது. நாங்கள் 'திறந்த கடற்கரை' என்று சொல்லிக்கொண்டு நேற்று நடந்த இடமெல்லாம் அவர்களுக்கு எல்லை பிரித்த வயல்தான். வரம்பு மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

சின்னவன் கயிற்றைப் பிடிக்கட்டுமா என்று கேட்டான். "பிடியும் தம்பி, ஆள் காணாமல்தான் நிக்கிறம்" என்றார் ஒருவர். பகிடியாகச் சொன்னது முழுப் பகிடியில்லை. இளம் பொடியள் இழுக்க வருவதில்லையாம். உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் சுழற்சி பூட்டி இழுத்தால் ஆள் வேண்டாம், ஆனால் அது கூடாது என்று தடுக்கிறார்கள், கடலின் அடி கிளறுப்பட்டுக் குஞ்சு மீனும் போய்விடுமாம். "அவை சொல்லுறதும் சரி. நாங்கள் சொல்லுறதும் சரி. இப்ப என்ன செய்யிறது?" என்று என்னிடமே கேட்டார். நான் வங்கியில் வேலை செய்பவள். கேள்வியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மடி வந்தது. சூடை, காரல், கொஞ்சம் கும்பிளா, ஒரு சின்னத் திருக்கை, இரண்டு கணவாய், நிறையச் சாதாளை. நான்கு பேர் வலையை விரிப்பதற்குள் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்கள் மணல்வரை வந்துவிட்டன. விலை கத்தலாக நடந்தது. எனக்குப் புரிந்தது 'முந்நூற்றைம்பது' என்ற சொல் மட்டும், அது சூடைக்கு. பங்கு பிரிக்கும்போது கயிறு பிடித்தவருக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டு என்பது வழக்கமாம். சின்னவனின் பங்காக ஒரு ஷொப்பிங் பை சூடை வந்தது. அவன் கயிற்றைப் பிடித்தது பத்து நிமிடம் இருக்கும். வேண்டாம் என்று அக்கா சொன்னபோது அவர்களுக்குக் கோபம் வந்தது. "பிள்ளை இழுத்தவன். உங்களுக்கோ தந்தது?"

மத்தியானம் புட்டும் சூடைப் பொரியலும் தேங்காய்ப்பூச் சம்பலும். சின்னவன் சாப்பிடும்போது ஒவ்வொரு மீனையும் "இது நான் பிடிச்சது" என்றான்.

2024 மே 17–18. வற்றாப்பளை, முள்ளிவாய்க்கால்

கடும் வெயில். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. மார்ச்சில் பார்த்த கரை இப்போது இன்னும் அகலம். சிலாவத்தைப் பக்கம் அடம்பன் கொடி நாவல் நிறப் பூவோடு நீர்விளிம்பை நோக்கி இறங்கி வந்திருக்கிறது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஊர் தயாராகிறது. பொங்கலுக்கு முந்திய வாரம் இந்தக் கடலில்தான் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல் தண்ணீரை ஊற்றி விளக்கு எரிப்பதுதான் அம்மனின் அற்புதமென்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சி விரதம். எங்களையும் மச்சம் சமைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அக்கா மீன் பொரித்தால் ஆச்சியின் வாசல் யன்னல் சாத்தப்படும். ஆகவே கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருக்கங்காய்.

18ஆம் திகதி காலை வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். பாலம் ஒடுக்கமானது, தண்ணீரோடு ஒட்டிக் கிடப்பது. எதிரில் ஒரு வாகனம் வந்தால் ஒருவர் நின்று வழிவிட வேண்டும். அன்று பஸ்களும் ஓட்டோக்களும் வரிசையில் நின்றன, யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. வீதியோரம் நெடுகக் கஞ்சி கொடுத்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009இல் போரின் முடிவில் அங்கே அகப்பட்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான். சிரட்டையில் வாங்கிக் குடித்தோம். பத்தரைக்கு ஈகைச்சுடர் ஏற்றினார்கள். பதினைந்தாவது ஆண்டு என்பதால் சனம் கூட. சர்வதேச மன்னிப்புச் சபையின் செயலாளர் நாயகம் அன்யெஸ் கலமார்டும் வந்திருந்தார்.

அந்த மணலிலிருந்து கடல் சில நிமிட நடைதான். நாங்கள் அங்கே போகவில்லை.

2024 ஆகஸ்ட் 10, சனி. நகரக் கரை

இப்போது சோளகம். தென்மேற்கிலிருந்து காடும் வயலும் கடந்து வருகிற காற்று, ஈரமே இல்லை. முதுகில் மணலை எறிந்துகொண்டே இருக்கிறது. கச்சான் சுருளைத் திறந்தால் கச்சானுக்கு முன் மணல் வாய்க்குள் வருகிறது. தொப்பி போட்டவர்கள் எல்லோரும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலையே இல்லை. இங்கே பிள்ளைகளைக் குளிக்க விடுவது இந்த மாதங்களில்தான். கண்டி, அநுராதபுரம் பக்கமிருந்து யாத்திரை பஸ்களும் வருகின்றன. சிங்களக் குடும்பங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு வள்ளங்களின் நிழலில் இருந்தன. ஒரு பெண்மணி எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். அவரிடம் தமிழ் இல்லை, என்னிடம் இருக்கும் சிங்களம் வங்கிப் படிவம் நிரப்ப மட்டும் போதும். அவர் நீட்டிய அலுவாவை வாங்கினோம், நாங்கள் நீட்டிய வடையை அவர்கள் வாங்கினார்கள். வடையைக் கடித்துவிட்டு மிளகாய்க்காகக் கையை விசிறிக்கொண்டு சிரித்தார்.

பிறகுதான் பந்து. சின்னவனுக்கு நகரத்தில் முந்நூற்றைம்பது ரூபாவுக்கு வாங்கிய, காற்று ஊதும் பெரிய பந்து. கையை விட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பாகம் தள்ளித்தான் மிதந்தது. சோளகம் பிடித்தது. அவ்வளவுதான், வாத்து நீந்துவதைவிட வேகமாக நேர் வடகிழக்கே போகத் தொடங்கியது. சின்னவன் கத்தினான். கரையில் நின்ற பதினேழு பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன் சேட்டைக் கழற்றினான். அவ்வளவு தூரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி ஓடி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்து மணலில் இருத்தினார்.

"பந்துக்கு என்ன விலை?"

சொன்னோம்.

"உவன்ரை தாய்க்கு உவன் என்ன விலை?"

அலை இல்லாத கடல் ஆபத்தில்லாத கடல் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டு நின்றோம். அவர் இருந்து விளக்கினார். சோளகத்தில் கரை அமைதி, ஆனால் மிதக்கிற எதையும் காற்று வெளியே கொண்டுபோகும். ரயர் ரியூபில் மிதந்துகொண்டு போன பிள்ளைகளை வள்ளத்தில் போய் ஏற்றி வந்திருக்கிறார். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிப்பது தெரியும், அதற்குள் கை சோர்ந்துவிடும். இதைச் சொல்ல ஒரு பலகையாவது வைத்திருக்கலாம். கரை இலவசம், அறிவுறுத்தலும் இல்லை, உயிர்காப்பாளரும் இல்லை. இருப்பதெல்லாம் வலை பொத்திக்கொண்டே ஒரு கண்ணைக் கடலில் வைத்திருக்கும் இப்படி ஒரு மனிதர்தான்.

பந்து கடைசியாகச் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. "பர்மாவுக்குப் போகும்" என்று அத்தான் சொன்னதில் சின்னவன் சமாதானமாகி, பர்மா எங்கே என்று கேட்கத் தொடங்கினான்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு. நாயாறு

அத்தானின் மோட்டார் சைக்கிளில் அளம்பில், செம்மலை வழியாக நாயாறு. வழியில் செம்மலைக்கு முன்னால் ரயர் காற்றுப் போனது. பஞ்சர் ஒட்டும் கடை இரண்டு கிலோமீற்றர் பின்னால். உருட்டிக்கொண்டு நடக்கும்போது ஒரு லான்ட்மாஸ்ரர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், வந்து நின்றது. ஓட்டியவர் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் பெட்டியில் போட்டார், எங்களையும் ஏற்றினார், கடைவாசலில் இறக்கிவிட்டு அதே வேகத்தில் போய்விட்டார். நன்றி என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது, அந்த எஞ்சின் சத்தத்தில்.

நாயாற்றில் கரை நெடுக வாடிகள், மீனவர்கள் தங்கும் கொட்டில்கள். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அங்கே தொழில் படுத்துவிடும் மாதங்களில் அந்தப் பக்கத்து மீனவர்கள் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்து தங்கித் தொழில் செய்துவிட்டு, வாடை என்ற வடகிழக்குக் காற்றுத் தொடங்க முன்னர் திரும்பிப் போவார்கள். ஒரு தீவின் இரண்டு கரைகளுக்கும் இரண்டு காற்று என்பதால் வந்த வழக்கம் அது. வழக்கம் என்றால் எல்லாம் சுமுகம் என்றில்லை. எத்தனை படகுக்கு அனுமதி, யாருடைய பாடு, யார் விளக்கு வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது என்று இங்கத்தைய மீனவர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். 2018 ஓகஸ்ட்டில் இதே நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் எரிந்தன. எரிந்த கதையை எங்களுக்குச் சொன்னவர், சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வாடிக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டு ஒரு கான் மண்ணெண்ணெய் கடன் வாங்கினார்.

கருவாடு வாங்கினோம். பாயில் பரப்பி, கல் வைத்து, காகத்துக்கு மேலே பழைய வலை கட்டியிருந்தார்கள். சோளகம் கருவாட்டுக்காரருக்கு வரம், இரண்டு நாளில் காய்ந்துவிடுமாம். நெத்தலி கிலோ ஆயிரத்து இருநூறு சொன்னார், ஆயிரத்து நூறுக்குத் தந்தார், அள்ளிப் போடும்போது ஒரு பிடி கூடவே போட்டார். பேரம் பேசியது எனக்கே ஒருமாதிரி இருந்தது. திரும்பும்போது பையை என் மடியில்தான் வைத்திருக்கவேண்டி வந்தது. மறுநாள் வவுனியா பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு யாரும் வரவில்லை, வசதியாகக் கால் நீட்டினேன்.

2024 நவம்பர் 24 தொடங்கி 28 வரை. சிலாவத்தை, பெரும்பாலும் வீட்டுக்குள்

அக்காவுக்கு உயர்தரப் பரீட்சை மேற்பார்வை வேலை. சின்னவனைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது, செவ்வாய் நடந்தது, அதற்குள் வங்காள விரிகுடாத் தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. புதன் முதல் பரீட்சை ஒத்திவைப்பு. வடக்குக் கிழக்கு முழுக்க வெள்ளம்.

ஞாயிறு பின்னேரம் மழை சற்று விட்டபோது கரைக்குப் போனோம். ஆகஸ்ட்டில் நாங்கள் பந்து எறிந்து விளையாடிய இடம் இல்லை. மிகையாகச் சொல்லவில்லை, அந்த மணலே இல்லை. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. அதனால் ஒரு நாளுக்குள் கரை பெரிதாக மாறாது, மாறுவதெல்லாம் பருவத்தோடுதான். வாடைக்கால அலை கிட்டக்கிட்ட, செங்குத்தாக வந்து விழும். விழுகிற ஒவ்வொரு அலையும் மணலை அள்ளிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகக் குவிக்கும். கோடையில் மெல்லிய அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். குளிப்பவரைக் கொல்வதும் அந்தத் திட்டுத்தான். திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு இடைவெளியைத் தேடும், அந்த இடைவெளியில்தான் இழுவை. மேலே பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக இருக்கும், இறங்கலாம் போலிருக்கும்.

வள்ளங்களை வீதியோரம் வரை ஏற்றி வைத்திருந்தார்கள். கடலின் நிறம் தேத்தண்ணி. பனங்குற்றி, பிளாஸ்ரிக் போத்தல், ஒற்றைச் செருப்புகள், வேரோடு ஒரு வாழை. ஒரு கிழவனார் குடைக்குக் கீழே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1964 சூறாவளியின்போது தனக்குப் பன்னிரண்டு வயது என்றார். 2020இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய இரவில் கோவிலில் படுத்தாராம். "இது என்ன மாதிரி ஐயா?" என்று கேட்டேன். "இது மழை" என்றார்.

மழைதான். திங்கள், செவ்வாய், புதன் விட்டு விட்டு இல்லை, விடாமல். கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளலாம் போல ஏறிவிட்டது. மின்சாரம் போனது, வந்தது, போனது. மீன் இல்லை, யாரும் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவித்தல். சந்தையில் தக்காளி, போஞ்சி எல்லாம் வெள்ளத்தைக் காரணம் காட்டி ஏறின. தேங்காய் ஒன்று நூற்றெண்பது. பேக்கரியில் பாண் ஆளுக்கு ஒரு இறாத்தல். ஆகஸ்ட்டில் வாங்கிய நெத்தலியில் மிச்சம் வைத்திருந்த அக்காவை அன்றுதான் மெச்சினேன். பருப்பு, நெத்தலித் தீயல், சோறு, இரவுக்கும் அதே.

நந்திக்கடல் நிரம்பி வயல்பக்கம் ஏறுவதால் வட்டுவாகலில் கடலோடு சேரும் மணல்திட்டை வெட்டிவிட வேண்டும் என்று அத்தான் போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். வெட்டினால் வெள்ளம் வடியும், வீச்சுவலைக்காரருக்கு அந்த வாயில் நல்ல றால் படும். எப்போது வெட்டுவது என்பதில் கமக்காரருக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் ஒரு கதை இருக்கும். கமக்காரர் நேற்றே வெட்டியிருக்க வேண்டும் என்பார்கள்.

27ஆம் திகதி, மாவீரர் நாள் மாலை, அந்த மழைக்குள்ளும், முள்ளியவளைத் துயிலும் இல்லத்துக்குச் சனம் போனது. பக்கத்து வீட்டு ஆச்சி பொலித்தீன் பைக்குள் தீப்பெட்டியைச் சுற்றி, இன்னொரு பைக்குள் அதைச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். விளக்கு எரிந்ததா என்று அக்கா கேட்டாள். "எரியாமல்?" என்றார்.

28ஆம் திகதி வவுனியாவுக்கு பஸ் ஓடியது. எனக்குத் தடிமன்.

2024 டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து இருபது ஆண்டு. புனித இராயப்பர் ஆலயப் பக்கம் நினைவாலயத்தில் காலையிலிருந்தே சனம். 9.25க்கு மௌனம். கள்ளப்பாட்டிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார், சட்டைப்பையில் மூன்று பாஸ்போட் சைஸ் படம். நான் பார்த்ததைக் கண்டதும் எடுத்துக் காட்டினார், பெயர்களைச் சொன்னார், திரும்ப வைத்துக்கொண்டார். அன்று இந்தக் கரையில் ஒருவரும் வலை இறக்கவில்லை.

கரைத் தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் கதைத்தது வேறு விஷயம். ஒரு கிழமைக்கு முன்னர், 19ஆம் திகதி, மியன்மாரிலிருந்து வந்த ரோகிஞ்சா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. நூறு பேருக்கு மேல், நிறையக் குழந்தைகள். ஊர்ச்சனம் கண்டவுடன் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிறகு கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுபோனது. "கடலாலை வந்தவனுக்கு முதல் சோறு, பிறகுதான் விசாரணை" என்று கடைக்காரர் சொன்னார். சின்னவன் என் காதில், "பர்மா எண்டால் மியன்மாரோ சித்தி?" என்று கேட்டான். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

2024 டிசம்பர் 28, சனி. நகரக் கரை

வானம் வெளித்து, நல்ல வெயில், குளிர்காற்று. வாடை முகத்துக்கு நேரே வருகிறது. மழை இல்லாத டிசம்பர் நாள் இந்தக் கரையின் மிக அழகான நாள் என்பேன். மிக மோசமான நாளும் அதுதான், ஏனென்றால் பாடசாலை லீவு, சனம் வான் பிடித்துக்கொண்டு வருகிறது, கடல் இன்னும் நவம்பரில்தான் இருக்கிறது.

வெளியூர் வானொன்றிலிருந்து ஏழெட்டுப் பொடியள் இறங்கினார்கள். இறங்கின கையோடு சேட்டைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். அதுவும் எங்கே, அலை குறைந்த அந்த இடைவெளிக்கே. போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், இந்த மாதம் இங்கே இறங்கக்கூடாது, அந்த இடத்தில் இழுக்கும் என்று. ஒருவன் சிரித்துக்கொண்டு, "அக்கா, கடல் எல்லாருக்கும் பொதுதானே?" என்றான். இன்னொருவன் என்னை வீடியோ எடுத்தான். மற்றவர்கள் அதற்குள் இடுப்பளவில்.

மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒரு அம்மா வீதியில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு மணலில் இறங்கி வந்தார். இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு போட்ட சத்தம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"டேய்! ஏறுங்கோடா வெளியிலை! உங்களைத் தேடி இண்டைக்கு ஒரு வள்ளமும் இறங்காது. பிரேதம் கொக்கிளாயிலை ஒதுங்கும், அங்கை போய் எடுக்கச் சொல்லி ஆற்றை அம்மாவுக்கு நான் கோல் எடுக்கிறது? நம்பரைச் சொல்லிப்போட்டு இறங்குங்கோ!"

ஏறினார்கள். எல்லோரும், வரிசையாக. வீடியோ எடுத்தவன் போனைப் பைக்குள் வைத்தான். அம்மா சைக்கிளை நிமிர்த்தி, சரிந்த இரண்டு பாரைக்குட்டிகளை மணல் தட்டிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

பொடியள் துவாயால் தலை துவட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் கதைத்தவன் கிட்ட வந்தான். குரல் மாறியிருந்தது.

"அப்ப அக்கா, எப்ப வந்தால் குளிக்கலாம்?"

"சித்திரைக்குப் பிறகு வாங்கோ. ஆவணி வரைக்கும் நல்லம்."

"வரேக்கை பந்து கொண்டு வராதையுங்கோ" என்றான் சின்னவன்.